பூட்டுவதற்கு முன் ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கவும்

புதிதாக வந்த சைக்கிள் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுவே இருக்கும் உருளையை, பெட்டியிலிருந்து எடுத்ததும், அதன் ஆக்சிலை இரண்டு விரல்களுக்கு நடுவே பிடித்து மெல்ல உருட்டிப் பார்ப்பது என் வழக்கம். நல்ல பேரிங் என்றால் எண்ணெயில் சுழல்வதுபோல் ஓசையின்றிச் சுழலும். மணல் துகள் மாட்டிக்கொண்டதுபோல் நறநறவென்று ஒரு உணர்வு விரலுக்குத் தட்டுப்பட்டால், உள்ளே ஏதோ சரியில்லை என்று பொருள். என் சைக்கிளுக்காக வாங்கிய சீன ஹப் இரண்டாவது வகையாகத்தான் வந்தது. பேரிங்கின் ரப்பர் மூடியை மெல்லிய தகட்டின் முனையால், உட்புற விளிம்பிலிருந்து நெம்பித் தூக்கினேன். குண்டுகளுக்கு நடுவே ஒரு பக்கத்தில் மட்டும் துளி கிரீஸ் இருந்தது. மறுபக்கம் ஏறக்குறைய உலர்ந்து கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறையும் அளவுக்கு நல்ல கிரீஸ் வைத்து மூடிய பிறகு அதே ஹப், அதே பேரிங்குகளுடன், ஒரு மழைக்காலத்தைத் தாண்டி ஓடியது.

மலிவு விலைச் சீனப் பாகங்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்ச்சிக்குள் அடங்கிவிடும். உலோகமும் வடிவமைப்பும் கடைசலும் பல நேரங்களில் குறை சொல்ல முடியாதபடி இருக்கின்றன. விலை குறைவதற்குக் காரணம், தொழிற்சாலையில் கடைசியாகச் செய்ய வேண்டிய அரை மணி நேர வேலை விடுபட்டிருப்பதுதான்: போதிய கிரீஸ், சரியான முறுக்கு, சக்கரக் கம்பிகளின் சமமான இழுவிசை, ஒருமுறை கையால் சுழற்றிப் பார்க்கும் சோதனை. அந்த அரை மணி நேரத்தை நாம் நம் வீட்டுத் திண்ணையில் செலவிட்டால் பாகம் உழைக்கிறது. செலவிடாமல் அப்படியே பூட்டினால் சில நூறு கிலோமீட்டரில் அதன் மேல் வெறுப்பு வருகிறது.

நான் கோவையில் இருக்கிறேன். வடவள்ளியிலிருந்து அலுவலகத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலை அல்லது சிறுவாணி சாலைப் பக்கமும் போவதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தச் சைக்கிளைக் கட்டினேன். ஃப்ரேம் நண்பர் ஒருவர் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய 26 அங்குல அலுமினிய ஃப்ரேம். பின்புற அகலம் 135 மில்லிமீட்டர், பாட்டம் பிராக்கெட் (பெடல் ஆக்சிலைத் தாங்கும் பேரிங் தொகுதி) பொருத்தும் குழாய் 68 மில்லிமீட்டர், டிஸ்க் பிரேக் பொருத்த இடம் உண்டு. முன்பு அதில் 7 பற்சக்கரங்கள் கொண்ட, ஹப்பின் மேல் மரையில் திருகிப் பூட்டும் ஃப்ரீவீல் இருந்தது. அந்த அமைப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி அமைந்துவிடுவதால், ஆக்சிலின் ஒரு நீளம் தாங்குவாரின்றி நீட்டிக்கொண்டு நிற்கும். பள்ளங்களில் ஏறி இறங்கும்போது ஆக்சில் வளைவதும் முறிவதும் அதனால்தான். ஆகவே ஹப்பை மாற்றி, 11 முதல் 36 பற்கள் வரை கொண்ட 9 வேக காசெட் (ஹப்பின் மேல் செருகிப் பூட்டும் ஒன்பது பற்சக்கரங்களின் அடுக்கு), முன்னால் 32 பற்கள் கொண்ட ஒரே சக்கரம் என்று முடிவு செய்தேன். ஃப்ரேம் நீங்கலாக மொத்தச் செலவு 17,000 ரூபாய்க்குள் முடிந்தது.

சீனத் தயாரிப்பு என்றாலே மட்டம் என்று பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தி. 1921-இல் ஜப்பானின் சகாய் நகரத்தில் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கி, இன்று உலகம் முழுவதும் கியர் பாகங்களுக்கு அளவுகோலாக நிற்கும் ஷிமானோவுக்கே சீனாவின் குன்ஷான் நகரத்தில் தொழிற்சாலை இருக்கிறது. தைவானின் ஜயண்ட் நிறுவனமும் அதே ஊரில் சைக்கிள்கள் செய்கிறது. எந்த நாட்டில் செய்தார்கள் என்பதைவிட, எந்த அளவுக் குறிப்புக்குச் செய்தார்கள், செய்ததை யார் சோதித்தார்கள் என்பதே தரத்தைத் தீர்மானிக்கிறது. ஜுஹாய் நகரத்து எல்-டூ, சென்சா போன்ற சீன நிறுவனங்கள் இப்போது தாங்களே வடிவமைத்த ஷிஃப்டர்களையும் (ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் பிடி) டிரெயிலியர்களையும் (செயினைப் பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் நகர்த்தும் பாகம்) விற்கின்றன. ஒரு காலத்தில் இவற்றை நேரடியாகச் சீன விற்பனையாளர்களிடமிருந்தே வரவழைத்தோம். 2020 நவம்பரில் இந்திய அரசு தடை செய்த 43 செயலிகளில் அலிஎக்ஸ்பிரஸும் ஒன்றாக இருந்ததால் அந்த வழி அடைபட்டது. இப்போது இறக்குமதி செய்து விற்கும் இந்தியக் கடைகள்தான் கதி; தேர்வு குறைந்துவிட்டது, ஆனால் பொருள் பழுதாக வந்தால் மாற்றிக் கேட்க ஓர் ஆள் இருக்கிறார்.

கியரிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதிகமான பழி விழுவது அங்கேதான். ஷிஃப்டரில் ஒரு சொடுக்கு சொடுக்கினால் உள்ளே இருக்கும் கம்பி ஒரு குறிப்பிட்ட அளவு இழுபடுகிறது. அந்த இழுப்பை டிரெயிலியர் பெருக்கிச் செயினைப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. ஷிமானோவின் பழைய 9 வேக அமைப்பில் கம்பி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இழுபடும், டிரெயிலியர் அதை ஏறத்தாழ 1.7 மடங்காக்கும், காசெட்டில் அடுத்தடுத்த பற்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரமோ 4.34 மில்லிமீட்டர். வேறு நிறுவனங்கள் வேறு இழுப்பும் வேறு பெருக்கமும் வைத்திருக்கின்றன. ஆகவே ஷிஃப்டரை ஒரு நிறுவனத்திலும் டிரெயிலியரை இன்னொன்றிலும் விலை பார்த்து வாங்கினால், ஒவ்வொரு சொடுக்கிலும் கால் மில்லிமீட்டர் தவறி, நாலாவது ஐந்தாவது கியருக்குப் போகும்போது செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நின்று கரகரக்கும். இந்த இரண்டையும் மட்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையிலிருந்து வாங்குங்கள். காசெட்டும் செயினும் வேக எண்ணிக்கை பொருந்தினால் போதும், எவருடையதாகவும் இருக்கலாம்.

அப்படிப் பொருத்தமாக வாங்கியும் என் சைக்கிளில் கியர் ஒழுங்காக விழவில்லை. பெரிய பற்சக்கரங்களில் சரி செய்தால் சிறியவற்றில் தவறும். சிறியவற்றில் சரி செய்தால் பெரியவற்றில் கரகரக்கும். இரண்டு மாலைகள் டிரெயிலியரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் அது தொங்கும் ஹேங்கரை, அதாவது ஃப்ரேமின் பின்முனையில் இருக்கும் சிறு உலோகக் காதை, சோதிக்கத் தோன்றியது. ஹேங்கரின் துளையில் இருப்பது 10 மில்லிமீட்டர் விட்டத்தில், 1 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட மரை. பல பின்சக்கர ஆக்சில்களிலும் இதே மரைதான். ஆகவே இன்னொரு சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலின் நட்டுகளை உள்ளே தள்ளிவிட்டு, அதன் முனையை டிரெயிலியர் இருந்த துளையில் கையாலேயே திருகினேன். இப்போது இரண்டு சக்கரங்கள் அருகருகே நின்றன. ஹேங்கர் நேராக இருந்தால் இரண்டு ரிம்களுக்கும் இடையே மேலும் கீழும் முன்னும் பின்னும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். மேலே இருந்ததைவிடக் கீழே இரண்டு விரல் அகலம் குறைவாக இருந்தது. பழைய சொந்தக்காரர் எப்போதோ சைக்கிளை வலப்பக்கம் சாய்த்துப் போட்டதில் வளைந்திருக்க வேண்டும். அந்தக் கூடுதல் சக்கரத்தையே நெம்புகோலாகப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு முறையும் அளந்து பார்த்து நிமிர்த்தினேன். அலுமினியம் என்பதால் ஒரேயடியாக இழுத்தால் முறிந்துவிடும். அதன் பிறகு அதே மலிவு டிரெயிலியர் ஒன்பது கியர்களிலும் தடையின்றி விழுந்தது, இன்றும் விழுகிறது.

கம்பி ஓடும் உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனெனில் இதில் தவறினால் உயிருக்கே ஆபத்து. பிரேக் கம்பியின் உறைக்குள் தட்டையான எஃகுப் பட்டை சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் கம்பியின் உறைக்குள் மெல்லிய எஃகு இழைகள் நீளவாக்கில் ஓடும். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் சுருள் அமுங்கி, சொடுக்கின் அளவு கெட்டு, கியர் தவறும், அதோடு போகும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போட்டாலோ, முழு வலுவில் பிடிக்கும் நேரத்தில் இழைகள் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம். சில சில்லறைக் கடைகளில் ஒரே சுருளிலிருந்து இரண்டுக்கும் வெட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போது வெட்டிய முனையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சக்கரம் கட்டுவதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் நாற்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருக்கும் பெரியவர். ரிம், 32 கம்பிகள், அவற்றை ரிம்மில் இறுக்கும் நிப்பிள்கள் எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கி, கட்டி முடித்த சக்கரத்தைக் கொண்டுபோய், “ஏனுங்கண்ணா, கோட்டம் சரியா இருக்குதுங்களா, கொஞ்சம் பாருங்க” என்றேன். அவர் சக்கரத்தைச் சுழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்தடுத்த கம்பிகளை இரண்டிரண்டாக உள்ளங்கைக்குள் சேர்த்து அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கிறீச் கிறீச்சென்று ஓசை வந்தது. “கம்பிய மொதல்ல உக்கார வெக்கோணும் கண்ணு. உக்காராத கம்பியில கோட்டம் எடுத்தா நாளைக்கே திரும்ப வந்துரும்” என்றார். அதற்குப் பிறகு சுழற்றியபோது, நான் மில்லிமீட்டர் கணக்கில் நேராக்கி வைத்திருந்த ரிம் பாம்புபோல் நெளிந்தது.

மலிவாக, ஆயத்தமாகக் கட்டி விற்கும் சக்கரங்களின் குறையும் இதுதான். பெட்டியிலிருந்து எடுக்கும்போது கோட்டம் இருக்காது. ஆனால் ஒரு கம்பி விண்ணென்றும் அடுத்த கம்பி தொளதொளவென்றும் இருக்கும். தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்வதும் இறுகுவதுமாக அலைக்கழிந்து, வளைவுப் பகுதியில் சோர்ந்து முறிகிறது. சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரே பக்கத்துக் கம்பிகளை விரல் நகத்தால் சுண்டிக்கொண்டே போங்கள்; சுருதி ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பின்சக்கரத்தில் காசெட் பக்கத்துக் கம்பிகள் மறுபக்கத்தைவிட இறுக்கமாக ஒலிக்கும், அது இயல்பு. எந்தக் கம்பி ‘டொக்’ என்கிறதோ அதைக் கால் திருப்பு இறுக்கி, அதே பக்கத்தில் அதற்கு அடுத்து ஒலி மிகுந்ததைக் கால் திருப்பு தளர்த்தி, பிறகு கோட்டத்தைப் பார்க்க வேண்டும். இந்த வேலையை முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொருமுறை செய்தேன். அதற்கப்புறம் ஒரு கம்பியும் முறியவில்லை.

ஹப் விஷயத்தில் கோவைவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. பம்ப் மோட்டார்களுக்கும் நூற்பாலை இயந்திரங்களுக்கும் பேரிங் விற்கும் கடைகள் இங்கே தெருத்தெருவாக இருக்கின்றன. சீன ஹப்புகளில் வருவதும் பொது அளவுள்ள பேரிங்குகள்தான். மூடியின் மேலேயே எண் பொறித்திருக்கும். என்னுடையதில் 6902 என்று இருந்தது: உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மில்லிமீட்டர். அந்த எண்ணோடு 2ஆர்எஸ் என்று சேர்த்துக் கேட்டால் இருபக்கமும் ரப்பர் மூடியிட்டதாகத் தருவார்கள். மழைக்காலத்துக்குப் பின் பழையவை தேய்ந்ததும் சில நூறு ரூபாயில் நல்ல நிறுவனத்துப் பேரிங்குகளாக மாற்றிவிட்டேன். உள்ளே தள்ளும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். நீண்ட போல்ட் ஒன்றும், வெளி வளையத்தின் விட்டத்துக்குப் பொருந்தும் தடித்த வாஷர்களும் இருந்தால் போதும். சுத்தியலால் உள் வளையத்தைத் தட்டினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, புதிய பேரிங் அந்த நிமிடமே பழையதாகிவிடும்.

விலை குறைந்த ஹப்பில் நான் விரும்பிப் பாராட்டும் அம்சம் ஒன்று இருக்கிறது: காசெட் பூட்டும் ஃப்ரீஹப் உருளை எஃகால் ஆனது. விலை உயர்ந்தவற்றில் எடையைக் குறைக்க அலுமினியம் போடுகிறார்கள். அதில் தனித்தனிப் பற்சக்கரங்கள் வெட்டிப் பதிந்து, பிறகு கழற்ற வராமல் படுத்தும். எனக்கு நூறு கிராம் கூடுதலாக இருப்பதில் வருத்தமில்லை. மிதிக்கும்போது எழும்பி ஹப்பைப் பிடித்துச் சுழற்றும் உள் நாக்குகளுக்கு மட்டும் கெட்டியான கிரீஸைத் திணித்துவிடாதீர்கள். நாக்கு ஒட்டிக்கொண்டு எழும்பாமல் போனால், ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது பெடல் வெற்றாகச் சுழன்று கால் நழுவும். இலேசான கிரீஸோ கெட்டி எண்ணெயோ ஒரு பூச்சு போதும்.

கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை, விஷயத்தில் தவறு என்னுடையது. சதுர முனை ஆக்சிலில் இடப்பக்கக் கிராங்கைப் பூட்டியபோது, குட்டையான அலன் கீயால் கை வலிக்கும் வரை இறுக்கிவிட்டு, போதும் என்று நினைத்தேன். அந்த போல்ட்டுக்குச் சுமார் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். அதாவது கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் முனையில் 16 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு. அது இல்லாததால் மூன்றாம் நாள் பேரூர் தாண்டி, மிதிக்கும்போது ‘டக் டக்’ என்று ஓசை கேட்டது. நிறுத்திப் பார்க்காமல் இன்னும் 10 கிலோமீட்டர் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து கழற்றியபோது, எஃகு ஆக்சிலின் விளிம்புகள் அலுமினியக் கிராங்கின் சதுரத் துளையை உருட்டிவிட்டிருந்தன. அப்படி உருண்ட கிராங்கை மறுபடி எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. புதியது வாங்க வேண்டியதாயிற்று. கிராங்கின் மேல் ஒரு குறையும் இருக்கவில்லை. அதன் பிறகுதான் முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வாங்கினேன். இந்த வேலையில் ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால் அதையே வாங்கச் சொல்வேன்.

மரைகளின் திசையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இடப் பெடலுக்கு எதிர் மரை. பாட்டம் பிராக்கெட்டிலோ வலப்பக்கக் கிண்ணத்துக்கு எதிர் மரை. எதுவாயினும் முதல் மூன்று சுற்று வெறும் விரலால் போக வேண்டும். போகாவிட்டால் மரை மாறி ஏறுகிறது என்று பொருள், ஸ்பேனரை எடுக்கக் கூடாது. மலிவுப் பாகங்களின் மரைகளில் கடைசல் பிசிறு கிடப்பது சாதாரணம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, கிரீஸ் தடவித் திருகுவது ஐந்து நிமிட வேலை.

இனி, எதை வாங்க மாட்டேன் என்பது. முதலில் பிரேக்குக்கும் மலிவானதையே போட்டிருந்தேன்: கம்பியால் இழுத்து, காலிப்பருக்குள் (பிரேக் கட்டைகளைத் தாங்கும் கவ்வி) இருக்கும் சிறிதளவு எண்ணெயால் அழுத்தும் வகை. ஊருக்குள் எந்தக் குறையும் தெரியவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலை 30 கிலோமீட்டருக்கு மேல் நீளம். உயரத்தில் ஏறத்தாழ 1,400 மீட்டரை இழக்கிறோம். பாதி வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், வலக்கைப் பிடி வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே வருவதை உணர்ந்தேன். அடுத்த வளைவில் அது ஹேண்டில்பாரையே தொட்டது. சாலையின் மலைப்பக்க ஓரத்தில் சைக்கிளை உரசி, காலை ஊன்றி நிறுத்தினேன். பின்சக்கர ரோட்டர், அதாவது பிரேக் பிடிக்கும் வட்டத் தகடு, நீலம் பாய்ந்திருந்தது, அதன் மேல் விட்ட தண்ணீர் சீறி ஆவியானது. எண்ணெய் அளவு குறைவு, சூடு வெளியேற வழி குறைவு. நீண்ட இறக்கத்துக்கு அந்த வடிவமைப்பு தாங்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பிடித்து, நடந்துபோகும் வேகத்தில் மலையிறங்கினேன். அந்த வாரமே அதைக் கழற்றிவிட்டு ஷிமானோவின் அடிமட்ட விலையிலுள்ள, முழுவதும் எண்ணெயால் இயங்கும் பிரேக்கைப் போட்டேன். அதற்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கார் பிரேக்குக்கான டாட் திரவம் உள்ளே போனால் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டுவிடும்.

டிரெயிலியர் முறிந்தால் தள்ளிக்கொண்டு வீடு வரலாம். பேரிங் போனால் சத்தத்தோடு ஓட்டி வரலாம். ஃபோர்க்கோ ஹேண்டில்பாரோ அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மோ பிரேக்கோ கைவிட்டால் நடந்து வர நாம் இருப்போமா என்பது நிச்சயமில்லை. ஐஎஸ்ஓ 4210 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி ஃபோர்க்கையும் ஹேண்டில்பாரையும் திரும்பத் திரும்ப வளைத்துச் சோர்வுச் சோதனை செய்ய வேண்டும். பெயரில்லாத பெட்டியில் வரும் கார்பன் ஹேண்டில்பாருக்கு அந்தச் சோதனை நடந்ததா என்று அறிய எந்த வழியும் இல்லை. கார்பன் வளைந்து எச்சரிக்காது, திடீரென்று பிளக்கும். ஆகவே என் சைக்கிளில் ஃபோர்க் எஃகு, ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் தெரிந்த நிறுவனத்து அலுமினியம். ஸ்டெம்மோடு வந்த நான்கு போல்ட்டுகளின் தலையில் வலுவைக் குறிக்கும் எண் எதுவும் இல்லை என்பதைக் கவனித்து, 12.9 என்று பொறித்த கறுப்பு போல்ட்டுகளாக மாற்றினேன். சில ரூபாய்தான் செலவு. அவை எளிதில் துருப்பிடிக்கும் என்பதால் தலையில் துளி எண்ணெய் தொட்டு வைக்கிறேன்.

இதுவரை ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறை எஃகு அளவுகோலை எடுத்துச் செயினை அளக்கிறேன். ஓர் ஊசியின் நடுவில் சுழியை வைத்தால் 24-ஆவது ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தாண்டினால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் காசெட்டின் பற்களும் அதே அளவுக்குத் தேய்ந்து, இரண்டுக்கும் சேர்த்துச் செலவு வரும். முதல் செயினை உரிய நேரத்தில் மாற்றியதால்தான் அந்த மலிவுக் காசெட் இன்னும் நிற்கிறது. நேற்று அளந்தபோது இரண்டாவது செயினும் கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. புதியது மேசை இழுப்பறையில் தயாராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில், சிறுவாணி சாலைக்குக் கிளம்புவதற்கு முன், பழையதன் கண்ணிகளை எண்ணி அதே நீளத்துக்கு வெட்டிப் போட வேண்டும்.